பேதி நிற்காவிட்டாலும் கரைசலை நிறுத்தக் கூடாது!

குழந்தை வளர்த்த தாய்மாரில் வயிற்றுப் போக்கைப் பார்க்காதவர் இல்லை. காலையில் ஓடி விளையாடிய பிள்ளை, மாலையில் துவண்டு படுத்துவிடும். தண்ணீர் தண்ணீராகப் போகும். கண்ணில் குழி விழும். நாக்கு வறளும். பிள்ளை அழும், கண்ணீர் வராது.

அந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுவார்கள். "பல் முளைக்கிறது; அப்படித்தான் போகும்" என்பார் பாட்டி. "தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும்" என்பார் அடுத்த வீட்டு அம்மாள். "ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினால்தான் நிற்கும்" என்பார் மாமா. யார் சொல்லைக் கேட்பது என்று தெரியாமல் தாய் தவிப்பாள்.

இதற்கு நல்ல மருந்து ஒன்று இருக்கிறது. அதன் விலை குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். வீட்டில் கரைத்துக் கொடுக்கலாம். ஊசி வேண்டாம், குழாய் வேண்டாம். அதுதான் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல்.

இந்தப் பெயர் பலருக்குத் தெரியும். பாக்கெட்டையும் பார்த்திருப்பார்கள். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டு தம்ளர் கொடுத்துப் பார்த்துவிட்டு, "இது கேட்கவில்லை" என்று கைவிட்டு விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பேதியை நிறுத்துமா?

நிறுத்தாது. இதைத்தான் தாய்மார்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரைசல் கொடுத்த பிறகும் பேதி போகும். இரண்டு நாள் போகலாம். ஐந்து நாளும் போகலாம். பெரும்பாலான பேதி ஒரு வாரத்துக்குள் தானாகவே நின்றுவிடும். அதுவரை பிள்ளையின் உடம்பில் தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்வதே கரைசலின் வேலை.

ஓட்டைக் குடத்தை நினைத்துப் பாருங்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகிக் கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டை சில நாளில் தானாக அடைபடும் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை குடம் காலியாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? ஒழுகுகிற அளவுக்கு மேலே ஊற்றிக் கொண்டே இருக்க வேண்டும். "ஒழுகுவது நிற்கவில்லையே" என்று ஊற்றுவதை நிறுத்தினால் குடம் வறண்டு போகும்.

பேதியில் பிள்ளைகள் இறப்பது பெரும்பாலும் இப்படித்தான். உடம்பில் இருக்கிற தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுகின்றன. ரத்த ஓட்டம் குறைகிறது. நாடி தளருகிறது. சின்னக் குழந்தையாக இருந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை முற்றிவிடும்.

ஆகவே, "பேதி நின்றதா?" என்று பார்ப்பதை விட, "பிள்ளை தெளிவாக இருக்கிறதா? சிறுநீர் போகிறதா? நாக்கு ஈரமாக இருக்கிறதா?" என்று பார்ப்பதே சரி. இவை மூன்றும் சரியாக இருந்தால் கரைசல் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

உப்பும் சர்க்கரையும் ஏன்?

வெறும் தண்ணீரையே கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பேதியில் தண்ணீர் மட்டும் போவதில்லை. உப்பும் சேர்ந்து போகிறது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உடம்புக்கும் அது பொருந்தும். உப்புக் குறைந்தால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது.

உப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தாலும் போதாது. நோய் கண்ட குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. ஆனால் உப்போடு சர்க்கரை சேர்ந்தால் நிலைமை மாறிவிடுகிறது. சிறுகுடலின் சுவரில் இந்த இரண்டும் சேர்ந்து நுழைவதற்கென்று ஒரு வழி இருக்கிறது. அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது. கடுமையான காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை.

விஞ்ஞானிகள் இந்த உண்மையை 1960-ம் ஆண்டை ஒட்டிக் கண்டுபிடித்தார்கள். 1968-ல் டாக்கா நகரில் காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பில் ஏற்ற வேண்டிய சலைன் வெகுவாகக் குறைந்தது.

இன்று கிடைக்கும் ஒரு லிட்டர் பாக்கெட்டில் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் வகுத்த அளவு இது. இந்த அளவு மாறக் கூடாது. உப்பு கூடினாலும் கெடுதல். சர்க்கரை கூடினாலும் கெடுதல்.

அகதி முகாமில் கண்ட உண்மை

1971-ல் வங்காள தேச விடுதலைப் போர் நடந்தது. லட்சக் கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. எல்லையோர ஊரான போங்காவ் ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். ஏற்றுவதற்குச் சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வந்தது.

அங்கே வேலை பார்த்தவர் டாக்டர் திலீப் மகலனாபிஸ். அவர் ஒரு முடிவுக்கு வந்தார். குளுக்கோஸ், சாதாரண உப்பு, சோடா உப்பு ஆகிய மூன்றையும் அளந்து பாக்கெட்டுகளில் போடச் செய்தார். அதைத் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார்கள். நோயாளிகளின் சொந்தக்காரர்களே தம்ளரில் பிடித்து ஊட்டினார்கள். படிப்பறிவு இல்லாத தாயும் தகப்பனும் செய்த வைத்தியம் அது.

பலன் என்ன? முன்பு அந்த முகாம்களில் நோய் கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்தார்கள். கரைசல் கொடுத்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் கூட இறக்கவில்லை.

'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகை 1978-ல் இதைப் பற்றி எழுதியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக் கூடும் என்று அது கூறியது. டாக்டர் மகலனாபிஸ் 2022-ல் காலமானார். அவர் மறைந்த பிறகு, 2023-ல், இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

வீடு வீடாகப் போன பெண்கள்

மருந்து கண்டுபிடித்தாயிற்று. அதை வீட்டில் உள்ள தாய்க்குச் சொல்லிக் கொடுப்பது யார்? இந்த வேலையில் வங்காள தேசம் உலகத்துக்கே வழி காட்டியது.

அந்த நாட்டில் 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. ஃபசல் ஹசன் அபேத் அதை 1972-ல் தொடங்கினார். அந்த நிறுவனம் 1980 முதல் 1990 வரை கிராமம் கிராமமாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. அவர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பத்து ஆண்டில் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

அப்போது கிராமங்களில் பாக்கெட் கிடைக்காது. ஆகவே வீட்டில் உள்ள உப்பையும் வெல்லத்தையும் வைத்தே கரைசல் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கை வெல்லம். அரை சேர் தண்ணீர். தாய் தன் கையாலேயே கலக்க வேண்டும். பார்த்துக் கொண்டிருந்தால் மட்டும் போதாது.

ஊழியருக்குச் சம்பளம் எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது கவனிக்கத் தக்கது. எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் அதே கிராமத்துக்குப் போவார். தாய்மார் சிலரைப் பொறுக்கி, கரைசலைச் செய்யச் சொல்லுவார், கேள்வி கேட்பார். தாய் சரியாகச் சொன்னால் ஊழியருக்குக் கூடுதல் பணம். தாய் மறந்திருந்தால் குறைவு. இதனால் ஊழியர்கள் அக்கறையோடு சொல்லிக் கொடுத்தார்கள். தாய்மார்களும் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

தெரிந்தும் ஏன் கொடுக்கவில்லை?

ஆனால் ஒரு சங்கடம் எழுந்தது. கேட்டால் தாய்மார்கள் செய்முறையை ஒப்பித்தார்கள். பிள்ளைக்குப் பேதி கண்டபோதோ பலர் கரைசலைக் கொடுக்கவே இல்லை.

காரணத்தைத் தேடினார்கள். சொல்லிக் கொடுத்த ஊழியர்களிடமே முதல் காரணம் இருந்தது. அவர்களில் பலருக்கு அந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி கண்டால் மாத்திரையைத்தான் தேடினார்கள். தானே நம்பாத ஒன்றை மற்றவர் நம்பும்படி எப்படிச் சொல்ல முடியும்? பிறகு அவர்களை டாக்கா ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். கரைசல் உடம்பில் என்ன செய்கிறது என்று விளக்கினார்கள். அதற்குப் பிறகு, ஊழியர்கள் தாய்மார் எதிரிலேயே அதைக் குடித்துக் காட்டத் தொடங்கினார்கள்.

இரண்டாவது காரணம், வீட்டு ஆண்களுக்கு விஷயம் தெரியாதது. "உப்புத் தண்ணீர் ஒரு மருந்தா?" என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆகவே கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள்.

மூன்றாவது காரணம் இன்னும் முக்கியமானது. டாக்டர்களுக்கு எல்லாமே பேதிதான். அந்தக் கிராமத்துத் தாய்மார்களோ அதை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பால் குடிக்கும் குழந்தைக்கு வருவது ஒரு வகை. அது தாய்ப்பாலால் வருகிறது என்று நம்பினார்கள். செரியாமையால் வருவது இன்னொரு வகை. சளியோடு போகும் சீதபேதி மூன்றாவது. தண்ணீராய்க் கொட்டும் கடும் பேதி நான்காவது. அந்த நான்காவது ஒன்றைத்தான் 'டயரியா' என்றார்கள்.

ஊழியர், "டயரியா வந்தால் கரைசல் கொடுங்கள்" என்று சொன்னார். தாய்மார்களும் அப்படியே செய்தார்கள். கடும் பேதிக்குக் கொடுத்தார்கள், மற்றவைக்குக் கொடுக்கவில்லை. அதில் அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? சொன்னவர் ஒரு மொழியில் சொன்னார். கேட்டவர் வேறு மொழியில் புரிந்துகொண்டார்.

இந்தக் குறைகளைக் கண்டு திருத்தினார்கள். பிறகு பாக்கெட்டும் மூலை முடுக்குக் கடைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. 2010-க்குப் பிறகு எடுத்த கணக்குகளின்படி, அந்த நாட்டில் பேதி கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் கரைசல் கொடுக்கப்பட்டிருக்கிறது.

நம் நாட்டு நிலைமை

இந்தியாவிலும் முன்னேற்றம் இருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதைக் காட்டுகிறது. 2005-06-ல் பேதி கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 26 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. 2015-16-ல் அது 51 ஆனது. 2019-21-ல் 61 ஆனது. அப்படியும் நூற்றில் 39 பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. மருந்து நம் நாட்டு மண்ணில் பலன் காட்டி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது!

இங்கும் காரணம் பழைய காரணம்தான். பல் முளைக்கும் பேதி, தோஷத்தால் வந்த பேதி, சூட்டால் வந்த பேதி என்று நாமும் பல பெயர் வைத்திருக்கிறோம். பெயர் எதுவானாலும் தண்ணீராய்ப் போனால் உடம்பு வறளும். வறளுவதற்கு முன் கரைசல் கொடுக்க வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. பாட்டிலில் ஏற்றினால்தான் வைத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். பிள்ளை குடிக்கக் கூடிய நிலையில் இருந்தால், பாட்டிலில் ஏறும் நீர் செய்கிற வேலையை வாயால் குடிக்கும் கரைசலே செய்துவிடும். பிள்ளைக்கு ஊசி வலியும் இல்லை. பெற்றவருக்குச் செலவும் இல்லை.

கேட்டால் கிடைக்கும்

2024-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கு மேற்பட்ட தனியார் வைத்தியர்களிடம், பேதி கண்ட பிள்ளையின் தகப்பன் போல நடித்துச் சிலர் போனார்கள். ஒன்றும் சொல்லாமல் போனவர்களில் நூற்றுக்கு 28 பேருக்குத்தான் வைத்தியர்கள் ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தார்கள். பாக்கெட்டின் படத்தைக் காட்டி, "இது கொடுக்கலாமா?" என்று கேட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குக் கொடுத்தார்கள்.

ஓ.ஆர்.எஸ். நல்லது என்று அந்த வைத்தியர்களுக்கும் தெரியும். பிறகு ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? "ஜனங்கள் இதை விரும்பமாட்டார்கள், மாத்திரையும் ஊசியும்தான் கேட்பார்கள்" என்று அவர்களில் பலர் எண்ணியதே பெரிய காரணமாக இருந்தது. தாய் கேட்பதில்லை, ஆகவே வைத்தியர் கொடுப்பதில்லை. வைத்தியர் கொடுப்பதில்லை, ஆகவே தாய் அது மருந்து என்று நினைப்பதில்லை. இந்தச் சுற்றை யாராவது ஒருவர் அறுக்க வேண்டும். வாய் திறந்து கேட்கிற தாயால் அது முடியும். "டாக்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது

கடைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த சில பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு அட்டைப் பெட்டியில் விற்பனையாகி வந்தன. சர்க்கரை மிகுந்தால் அது உடம்பிலிருந்து குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும்; பேதி கூடும். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இப்படிப்பட்ட பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது. வாங்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குளுக்கோஸ் பொடி, சோடா, கலர், காப்பி, தேநீர் எதுவும் இதற்கு ஈடாகாது.

எப்படிக் கொடுப்பது?

முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் அளந்து எடுக்க வேண்டும். கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் பாக்கெட்டை அதில் முழுவதும் கொட்டிக் கலக்க வேண்டும். அதை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைப்பது பெரிய தவறு. உப்பு மிகுந்து ஆபத்தாகும். 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. ஆகவே எந்த அளவு என்று படித்துப் பார்த்தே கரைக்க வேண்டும்.

கரைத்த பிறகு காய்ச்சக் கூடாது. பால், சர்க்கரை, பழரசம் சேர்க்கக் கூடாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை கொடுக்கலாம். பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி வரை கொடுக்கலாம். ஒரே மூச்சில் புகட்டக் கூடாது. சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பயந்து நிறுத்த வேண்டாம். பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சோறு தின்னும் பிள்ளையைப் பட்டினி போடவும் கூடாது. குழைந்த சோறு, இட்லி, மோர்ச் சோறு கொடுக்கலாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. இதோடு துத்தநாக மாத்திரையும் உண்டு. அதை 'ஜிங்க்' என்பார்கள். டாக்டரோ கிராம நர்ஸோ சொல்லும் அளவில் 10 முதல் 14 நாள் வரை கொடுத்தால் பேதி சீக்கிரம் குறையும். பேதி நின்றாலும் மாத்திரையை இடையில் விடக் கூடாது.

பாக்கெட் கிடைக்காத இடத்தில் இரவு நேரத்தில் என்ன செய்வது? ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் போட்டுக் கரைக்கலாம். இரண்டையும் கரண்டியின் விளிம்பு மட்டத்துக்குத் தட்டி அளக்க வேண்டும். கொடுக்குமுன் தாய் ருசி பார்க்க வேண்டும். கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிட வேண்டும். விடிந்ததும் பாக்கெட் வாங்கிவிட வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

பிள்ளை குடிக்க மறுத்தாலும், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், மயங்கிக் கிடந்தாலும் தாமதிக்கக் கூடாது. கண் குழி விழுந்திருந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மெல்லப் படிந்தாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் உடனே போக வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பேதி கண்டால் இவற்றுக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். வாயால் குடிக்க முடிகிற பிள்ளைக்குப் போகிற வழியிலும் கரைசலைக் கொடுத்துக் கொண்டே போக வேண்டும்.

வீட்டார் எல்லோரும் அறிய வேண்டும்

இது தாய் ஒருத்தியின் பொறுப்பு மட்டும் அல்ல. மாமியார், "தண்ணீர் கொடுக்காதே" என்றால் மருமகளின் கை தயங்கும். கணவர், "இதெல்லாம் மருந்தா?" என்றால் அவள் பாக்கெட்டை மூடி வைத்துவிடுவாள். வங்காள தேசத்து ஆண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது போல நம் வீட்டு ஆண்களும் பாட்டிமாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நர்ஸ், அங்கன்வாடி ஊழியர், மருந்துக் கடைக்காரர் ஆகியோர் பாக்கெட்டைக் கையில் கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. "இது பேதியை நிறுத்தாது அம்மா, பிள்ளை வறண்டு போகாமல் காப்பாற்றும். பேதி போகப் போகக் கொடுத்துக் கொண்டே இருங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை தெரிந்த தாய், இரண்டாவது தம்ளரோடு நிறுத்தமாட்டாள்.

உலகத்தில் இன்னும் ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள் பேதியால் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றக் கூடிய மருந்து விலை குறைந்தது, எளிதில் கிடைப்பது. சின்னப் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். அதை எதற்காக, எதுவரை கொடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.